கப்பலில் இரண்டு அறைகள்



மும்பையில் நாங்கள் குடியிருக்கும் வீடு ஒரே ஓர் அறை. ஒரு மூலையில் சமையல் மேடை, மறு மூலையில் குளிப்பதற்கு ஒரு தடுப்பு, தலைக்கு மேலே சாமான் வைக்கும் பரண். நீளம் 12 அடி, அகலம் 10 அடி. ஊரைவிட்டு இந்நகரத்திற்கு வந்து பிழைக்கும் நம்மில் பலருடைய வீடு இப்படிப்பட்டதே. இந்த 120 சதுர அடிக்குள் என் தாயார், என் மனைவி, 20 வயது மகன், 17 வயது மகள், நான் ஆகிய ஐவரும் வாழ்கிறோம். மகன் தேர்வுக்குப் படிப்பது மாடிப்படியில். மகள் உடை மாற்றும்போது மற்ற நால்வரும் நடைபாதையில் நிற்போம். பிள்ளைகள் இருவரும் தங்களுக்கென்று ஒரு கதவை ஒருநாளும் பூட்டியதில்லை, திறந்ததுமில்லை.

2023ஆம் ஆண்டு எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவு. வளைகுடா நாட்டில் வேலை செய்யும் என் மைத்துனர், "ஒரு முறையாவது எல்லோரும் கப்பலில் போய்வாருங்கள், செலவு என்னுடையது" என்றார். மும்பையிலிருந்து கோவாவுக்குச் சென்று திரும்பும் மூன்று இரவுப் பயணம் அது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் மகன் வேலைக்காகப் பெங்களூரு செல்வது ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. ஐவரும் ஒன்றாகச் செய்யும் கடைசி நெடும்பயணம் இதுவாகவே இருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னையும் என் மனைவியையும் விட்டு அகலவில்லை. அப்பயணத்தில் கோவாவைப் பற்றி நான் கற்றுக்கொண்டது கொஞ்சமே. அறைகளை எப்படிப் பிரிப்பது என்ற ஒரே காரியத்தில் கற்றுக்கொண்டதே அதிகம். அதையே இங்கு எழுதுகிறேன்.

பழைய கடல்வழி

மும்பைக்கும் கோவாவுக்கும் இடையே கடல்வழித் தூரம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். முற்காலத்தில் கொங்கண் கரையோரத் துறைமுகங்களைத் தொட்டுச்செல்லும் நீராவிக் கப்பல்களே அப்பகுதி மக்களுக்குப் பேருந்தாகவும் ரயிலாகவும் இருந்தன. பிற்பாடு அவை நின்றுபோயின. 1998இல் கொங்கண் ரயில்பாதை முழுவதும் திறக்கப்பட்டபின் ரயிலே பிரதான வழியாயிற்று. 2018 அக்டோபரில் அங்க்ரியா என்ற கப்பல் இவ்வழியில் ஓடத் தொடங்கியது. அதில் அடுக்குப் படுக்கைகள் கொண்ட பொது அறைகளும் இருந்தன. அச்சேவை நீடிக்கவில்லை. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் மீண்டும் தொடங்கியது. பருவமழை கொந்தளிக்கும் மாதங்களை விடுத்து, கடல் அமைந்திருக்கும் காலத்திலேயே இவ்வழிப் பயணம் இன்பமாயிருக்கும். நாங்கள் நவம்பர் மாதத்தில், தீபாவளிப் பள்ளி விடுமுறையில், ஒரு திங்கட்கிழமை மாலை புறப்பட்டு வியாழன் காலை திரும்பும்படி முடிவு செய்தோம். ஞாயிறு ஆராதனைக்கு நான் ஊரில் இருந்தாக வேண்டுமல்லவா!

கணக்கும் கட்டணமும்

பயண முகவரிடம் சென்று, "நாங்கள் ஐந்து பேர். ஒரே அறை போதும், நாங்கள் இடுக்கமாக வாழப் பழகியவர்கள்" என்றேன். அவர் சிரித்தார். சாதாரணக் கேபினில் அதிகம் போனால் நான்கு பேரே தங்கலாம் என்றார். தரையோடு இரண்டு கட்டில்கள். மற்ற இரண்டு படுக்கைகள் சுவரோடு மடங்கியிருந்து, இரவில் மாத்திரம் இறக்கி, ஏணி வைத்து ஏறுபவை. ரயிலின் அப்பர் பெர்த் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சில வேளைகளில் நான்கு படுக்கைகள் இருக்கும் அறையையும் இருவருக்கே தருவார்கள். நமக்கு அது வீம்பாகத் தோன்றும். கப்பலின் ஒவ்வொரு பகுதியில் தங்குவோருக்கும் குறிப்பிட்ட உயிர்காப்புப் படகுகளில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படகுகளில் இடம் நிரம்பிவிட்டால், அறையில் படுக்கை காலியாயிருந்தாலும் ஆள் சேர்க்க முடியாது. இக்காரணத்தைக் கேட்டபின் நான் வாதாடவில்லை.

கட்டணம் அறைக்கன்று, ஆளுக்கு. ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டே ஆள்கட்டணம் கணக்கிடப்படும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு. தனியாக ஒருவர் தங்கினால் ஏறக்குறைய இருவருடைய கட்டணத்தைச் செலுத்த வேண்டும். ஆகவே ஐவருள்ள குடும்பம் நால்வரை ஓர் அறையிலும் ஒருவரை மறு அறையிலும் வைத்தால் நஷ்டம். மூவர் ஓர் அறை, இருவர் ஓர் அறை என்பதே ஏற்ற கணக்கு. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியருக்கான அன்பளிப்பு ஆகியவை விளம்பரத்தில் காணும் தொகைக்கு மேலே வரும் என்பதையும் முன்னரே கேட்டறிவது நலம்.

இனி, அறையின் வகை. ஜன்னலே இல்லாத உள்ளறை விலை குறைந்தது. அடுத்து, வட்டமோ சதுரமோ ஆன திறக்க முடியாத கண்ணாடி ஜன்னலுள்ள அறை. அதற்கும் மேலே பால்கனி அறை. பழைய கப்பல்களில் உள்ளறையின் அளவு என்ன தெரியுமா? ஏறக்குறைய 120 சதுர அடி! எங்கள் வீட்டின் அளவேதான். "அப்பா, நம்ம வீட்டையே கடல்ல மிதக்க விட்ட மாதிரி" என்றாள் மகள்.

எந்தத் தளம் என்பதும் சிந்திக்கத்தக்கது. கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது முனைகளில் ஆட்டம் அதிகம். பக்கவாட்டில் சாயும்போது மேல்தளங்களில் ஆட்டம் அதிகம். எனவே நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையே வயிற்றுக்கு இதமானது. புயலிலும் கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து உறங்கிய யோனா இடத்தை நன்றாகவே தெரிந்தெடுத்திருந்தார் என்று சொல்லலாம். தலைக்கு மேலே நடனக்கூடமோ சமையற்கூடமோ நீச்சல் குளமோ இல்லாதபடி தளவரைபடத்தைப் பார்த்துக்கொண்டால் உறக்கம் கெடாது.

யார் எந்த அறையில்?

பணக்கணக்கு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஆள்கணக்கு ஒரு வாரம் நடந்தது.

என் மனைவி சொன்ன ஏற்பாடு எளிமையானது. பெண்கள் மூவரும் ஓர் அறை, ஆண்கள் இருவரும் ஓர் அறை. நம் குடும்பங்களில் திருமண வீடுகளிலும் கன்வென்ஷன் கூட்டங்களிலும் இதுவே வழக்கம். மகனோ தயங்கித் தயங்கி, "நானும் தங்கச்சியும் ஒரு அறை, நீங்களும் அம்மாவும் ஒரு அறை. கல்யாண நாள் உங்களுக்குத்தானே?" என்றான். மகள் ஒன்றும் சொல்லாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஆசை என்னவென்று எனக்குப் புரிந்தது. ஒரு கதவு, ஒரு சாவி, உள்ளே அப்பா இல்லாத ஓர் அறை.

ஆனால் விதி ஒன்று குறுக்கிட்டது. பல கப்பல் நிறுவனங்கள் ஒவ்வோர் அறையிலும் வயதுவந்த ஒருவராவது இருக்கவேண்டும் என்கின்றன. அந்த வயதைச் சிலர் 18 என்றும், வேறு சிலர் 21 என்றும் வைத்திருக்கிறார்கள். பெற்றோரின் அறை பக்கத்திலோ எதிரிலோ இருந்தால் சில நிறுவனங்கள் விலக்கும் அளிப்பதுண்டு. இதற்காகத் தந்தை ஒரு பிள்ளையோடும் தாய் மறு பிள்ளையோடும் தங்குவதாக எழுதிவிட்டு, ஏறியபின் இடம் மாறிக்கொள்ளும் வழக்கம் எங்கும் உண்டு. முகவரும் எங்களுக்கு அதையே சொன்னார்.

அப்பொழுது என் தாயார், "ஏன், நான் வயசுக்கு வந்தவ இல்லையா? எனக்கு 78 ஆகுது. பேரப்பிள்ளைகளோட நான் இருக்கேன்" என்றார்கள். எல்லோரும் சிரித்துவிட்டோம். காகிதத்தில் ஒன்றும் நடைமுறையில் ஒன்றுமாக எழுதவேண்டிய அவசியம் ஆச்சியால் நீங்கிற்று. பிள்ளைகளும் ஆச்சியும் ஓர் உள்ளறை. நானும் மனைவியும் ஜன்னலுள்ள ஓர் அறை. என் மனைவி ஒரே நிபந்தனை விதித்தாள். "வயசுப் பிள்ளை இருக்கிற அறை. கூப்பிட்டாக் கேக்கிற தூரத்துல இருக்கணுங்க."

14உம் 15உம்

இரண்டு வாரத்தில் டிக்கெட் வந்தது. எங்கள் அறையின் எண் 14 என்றும், பிள்ளைகளின் அறை 15 என்றும் முடிந்தன. பக்கத்து அறையே கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். ரயிலில் 14க்கு அடுத்தது 15 அல்லவா?

கப்பலில் ஏறியபின்னரே என் அறியாமை விளங்கியது. பல கப்பல்களில் இரட்டைப்படை எண்கள் ஒரு பக்கத்திலும் ஒற்றைப்படை எண்கள் மறு பக்கத்திலும் இருக்கும். 14 இடப்பக்க நடைவழியில், 15 வலப்பக்க நடைவழியில். நடுவே படிக்கட்டும் மின்தூக்கிகளும் உள்ள கூடம். எங்கள் கதவிலிருந்து பிள்ளைகளின் கதவுக்கு எண்ணிப் பார்த்தேன், 62 எட்டுகள். கூப்பிட்டால் கேட்கும் தூரமன்று. வரவேற்பு மேஜையில் கேட்டபோது, கப்பல் நிரம்பிவிட்டது, மாற்ற இயலாது என்றார்கள். பிழை அவர்களுடையதன்று. கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. அடுத்தடுத்த அறைகள் என்பது வேறு, உள்ளேயே இணைப்புக் கதவுள்ள அறைகள் என்பது வேறு, அடுத்தடுத்த எண்கள் என்பது முற்றிலும் வேறு. தளவரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச்சொல்லிப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

மனைவியின் முகம் வாடியது. நான் வரவேற்பு மேஜைக்கு மறுபடியும் சென்று, பிள்ளைகளின் அறைக்கு ஒரு மாற்றுச் சாவி அட்டை கேட்டேன். எங்கள் குடும்பப் பதிவையும் என் மகளின் வயதையும் பார்த்து, ஆச்சியிடமும் தொலைபேசியில் கேட்டபின் தந்தார்கள். அதைச் சட்டைப்பையில் வைத்ததும் மனம் சற்று அமைந்தது. பிள்ளைகளிடம் அதைப்பற்றிச் சொல்லவில்லை.

அபாயச் சங்கு

கப்பல் புறப்படுமுன் பயிற்சிக்கான சங்கு ஒலித்தது. ஏழு குறுகிய ஒலிகள், பின்பு ஒரு நீண்ட ஒலி. அவசர வேளையில் யார் எங்கே கூட வேண்டும் என்பதைப் பழக்கும் பயிற்சி அது. 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாகவே 1914இல் கடல் பயணப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை எழுதப்பட்டது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் மாண்டனர். அன்று ஏறியிருந்த பலருக்கு அதுவரை பயிற்சியே நடத்தப்படவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த விதி அதன்பின் மாறியது. 2015 முதல், கப்பல் புறப்படுமுன்னோ புறப்பட்டவுடனேயோ நடத்தியாக வேண்டும்.

மும்பைவாசிகளாகிய நாம் இத்தாலி வரை போக வேண்டியதில்லை. 1947 ஜூலை 17 அன்று மும்பையிலிருந்து ரேவஸுக்குப் புறப்பட்ட ராம்தாஸ் என்ற சிறு நீராவிக் கப்பல் பருவமழைக் கடலில் கவிழ்ந்து 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஏறிய அனைவருக்கும் போதுமான உயிர்காப்புச் சாதனங்கள் அதில் இருக்கவில்லை. இதே துறைமுகத்தின் வாயிலில் நடந்தது அது.

பயிற்சியில் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி காத்திருந்தது. கூடும் இடம் அறை எண்ணைப் பொறுத்தது. எங்களுக்குக் கப்பலின் இடப்பக்கம், பிள்ளைகளுக்கும் ஆச்சிக்கும் வலப்பக்கம். நான் அதிகாரி ஒருவரிடம், "அபாயம் வந்தால் நான் முதலில் என் பிள்ளைகளிடம் ஓட மாட்டேனா?" என்று கேட்டேன். அவர் அமைதியாக, "ஓடக்கூடாது, ஐயா. ஆயிரம்பேர் ஒரு திசையில் வரும்போது நீங்கள் எதிர்த்திசையில் போனால் உங்களுக்கும் அவர்களுக்கும் ஆபத்து. உங்கள் பிள்ளைகள் தங்கள் இடத்தில் இருப்பார்கள் என்று நம்பி நீங்கள் உங்கள் இடத்தில் இருங்கள்" என்றார்.

இவ்வார்த்தை என்னை ஊடுருவிற்று. 20 ஆண்டுகளாக என் பாய்க்கு மூன்றடி தூரத்தில் உறங்கியவன் என் மகன். அவனை அழைத்துப்போய் உயிர்காப்புச் சட்டைகள் அலமாரியில் எங்கே இருக்கின்றன, ஆச்சிக்கு அதை எப்படி அணிவிப்பது, எந்தப் படிக்கட்டில் ஏறுவது என்று மூன்று முறை நடத்திக் காட்டினேன். மூன்றாம் முறை அவனே என்னை நடத்திச் சென்றான். "சங்கு ஊதினா நான் வரமாட்டேன். ஆச்சியும் தங்கச்சியும் உன் பொறுப்பு" என்றேன். அவன், "சரிப்பா" என்று மட்டும் சொன்னான்.

அறைகளை மாற்றிக்கொள்வோர் வரவேற்பு மேஜையில் அதைத் தெரிவிப்பது ஏன் முக்கியம் என்பதும் அப்பொழுதுதான் விளங்கியது. பேர் அழைத்து எண்ணுகிறவர் கையிலிருக்கும் பட்டியலில், ஆள் எங்கே உறங்குகிறானோ அதுவே இருக்க வேண்டும்.

முதல் இரவு

மாலையில் கப்பல் துறைமுகத்தைவிட்டு நகர்ந்தது. கொலாபா முனையும், 1875இல் கட்டப்பட்ட பிராங்ஸ் கலங்கரை விளக்கமும் பின்னே சென்றன. தெற்கே போகும்போது கரை இடப்பக்கம், சூரிய அஸ்தமனம் வலப்பக்கம். எங்கள் ஜன்னல் கரையைப் பார்த்திருந்தது. பிள்ளைகளுக்கோ ஜன்னலே இல்லை. நால்வருமாய் மேல்தளத்தில் நின்று அஸ்தமனத்தைப் பார்த்தோம். ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

கரை விலகியதும் கைப்பேசிகள் ஊமையாயின. கப்பலின் இணைய வசதி விலை மிகுந்தது. ஆகையால் முன்னரே சில காரியங்களைப் பேசி வைத்துக்கொண்டோம். அறைத் தொலைபேசியில் கூப்பிடுவது. வெளியே போனால் கண்ணாடியில் சீட்டு எழுதி ஒட்டிப்போவது. புதிதாய்ப் பழகியவர்களை அறைக்குள் அழைப்பதில்லை, அவர்கள் அறைக்குப் போவதுமில்லை. கைப்பிடிக் கம்பிமேல் ஏறி உட்காருவதில்லை. இரவு 11 மணிக்குள் அறைக்குத் திரும்புவது. மதுக்கூடமும் சூதாட்டக் கூடமும் நடுக்கடலில் திறந்திருந்தன. பிள்ளைகளிடம் அதைப்பற்றி நீண்ட பிரசங்கம் செய்ய நினைத்துப் பின் விட்டுவிட்டேன். 17 வயதினருக்குத் தனிக் கூடமும் விளையாட்டுகளும் கப்பல்களில் உண்டு. ஆனால் 18ஐக் கடந்த அண்ணனுக்கு அங்கே இடமில்லை. இப்படி அண்ணனும் தங்கையும் பிரிந்துபோகும் வயது இது என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் சில, பெற்றோர் இல்லாமல் இளவயதினர் நள்ளிரவுக்குமேல் பொது இடங்களில் நடமாடக்கூடாது என்று விதியே வைத்திருக்கின்றன.

இரவு ஒன்றரை மணி. எனக்கு உறக்கம் வரவில்லை. மெல்ல எழுந்து, 62 எட்டுகள் நடந்து, 15ஆம் கதவின் முன் நின்றேன். உள்ளே சத்தமில்லை. மெதுவாய்த் தட்டினேன். பதிலில்லை. சட்டைப்பையில் மாற்றுச் சாவி இருந்தது. எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்கவில்லை. திறந்தால் என் பயம் தீரும். ஆனால் அதன்பின் அந்தக் கதவு அவர்களுடைய கதவாய் இராது. நம் வீட்டில் கதவே இல்லை, ஆகையால் தட்டும் வழக்கமும் இல்லை. பிள்ளைகளின் அறைக்குள் எப்படி நுழைவதென்று எனக்குத் தெரியவே தெரியாது! சாவியை மறுபடி பைக்குள் போட்டுவிட்டு, சற்று பலமாய்த் தட்டிவிட்டு நின்றேன்.

மகள் தூக்கக் கலக்கத்தோடு, துவாரத்தில் பார்த்துவிட்டுத் திறந்தாள். "என்னப்பா?" உள்ளே அவள் மாத்திரமே இருந்தாள். என் நெஞ்சு படபடத்தது. அவள் கண்ணாடியைக் காட்டினாள். அங்கே மகனுடைய கையெழுத்து. "1.10. ஆச்சிக்குத் தூக்கம் வரலை. மேல்தளம், இடப்பக்கம், நாற்காலி."

மேலே சென்றேன். ஆச்சி சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அவன் அருகே தரையில் அமர்ந்திருந்தான். இருளில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் வரிசையாய்த் தெரிந்தன. கப்பல் ரத்னகிரிக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

"விடிஞ்சிருச்சா விடியலையான்னு தெரியாத எடத்துல எப்படிய்யா தூங்குறது?" என்றார்கள் ஆச்சி. விளக்கை அணைத்ததும் உள்ளறை குகையைப்போல் இருண்டுவிட்டது. விழித்தவர்கள், தான் எங்கே இருக்கிறோம் என்று அறியாமல் தடுமாறியிருக்கிறார்கள். விலை குறைவென்று அந்த அறையைத் தெரிந்தெடுத்தவன் நான். ஜன்னலை எனக்கும் இருட்டை என் தாய்க்கும் ஒதுக்கியவனும் நானே. வாலிபப் பிள்ளைகளுக்கு ஜன்னலில்லா அறை ஒரு பொருட்டன்று, அவர்கள் நடுப்பகலிலும் உறங்குவார்கள். முதியோருக்கோ அது ஆகாது.

ஆச்சி தம் தகப்பனாரைப்பற்றிப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1930களில், 17 வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர் அவர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் நம் ஜனங்களை ஆயிரக்கணக்கில் மலாயாவுக்குச் சுமந்தது. பெரும்பாலோர் மேல்தட்டுப் பயணிகள். அவர்களுக்கு அறையேது, கட்டிலேது? "ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. எங்க ஐயாவ வழியனுப்ப வந்த பாட்டி, கப்பல் மறையுற வரைக்கும் கரையில நின்னாளாம். அவளுக்கு எந்தச் சாவி இருந்துச்சு?" என்றார்கள். என் பையில் இருந்தது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் கேட்கவில்லை.

மற்ற இரண்டு இரவுகள்

மறுநாள் காலை கப்பல் மர்மகோவா துறைமுகத்தை அடைந்தது. நிலக்கரியும் இரும்புத்தாதும் ஏற்றி இறக்கும் துறைமுகம் அது. வாஸ்கோ நகரையும் பழைய கோவாவின் பெரிய ஆலயங்களையும் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பினோம்.

என் தாயாரை ஜன்னல் அறைக்கு வந்துவிடும்படி மனைவியும் நானும் வேண்டினோம். "பிள்ளைகளோட இருக்கேன், ஒரு வெளிச்சம் மட்டும் வையுங்க" என்றார்கள். வழி கண்டுபிடித்தவன் மகனே. அறைத் தொலைக்காட்சியில் கப்பலின் முகப்பிலிருந்து கடலைக் காட்டும் அலைவரிசை ஒன்று இருந்தது. பல கப்பல்களில் இது உண்டு. சத்தத்தைக் குறைத்து அதை இரவெல்லாம் ஓடவிட்டான். இருட்டினால் திரையும் இருண்டது, விடிந்தால் வெளுத்தது. ஜன்னலில்லா அறைக்கு அதுவே ஜன்னல். குளியலறை விளக்கையும் எரியவிட்டுக் கதவைச் சிறிது திறந்து வைத்தார்கள். மகன் ஏணியேறி மேல்படுக்கையில், ஆச்சியும் மகளும் கீழே. அதன்பின் ஆச்சி நன்றாய் உறங்கினார்கள்.

மாற்றுச் சாவியை நான் இரண்டாம் நாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "அவசரத்துக்குக் கையில இருந்திருக்கலாமே" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. 17 வயது மகள் இருக்கும் அறை அது. இக்காரியத்தில் இன்றும் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்தில்லை. வேறொரு குடும்பம் சாவியை வைத்துக்கொள்வதே சரியென்று கருதினால் நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்திருந்தேனே, அதுவே என் தவறு. இரண்டாம் நாள் அதை அவர்களிடம் ஒப்புக்கொண்டேன். மகள், "தட்டுனீங்கல்லப்பா" என்றாள். அவ்வளவுதான்.

பயணம்போக எண்ணுவோருக்கு

பிரியமானவர்களே, வளர்ந்த பிள்ளைகளோடு கப்பலேற எண்ணினால் சில காரியங்களைக் கருத்தில் கொள்ளுங்கள். ஓர் அறையில் நால்வரை அடைத்து மிச்சம்பிடிப்பது சிறு பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கு ஆகும். 16, 17 வயதைக் கடந்தவர்களோடு அது சச்சரவில் முடியும். ஒரே ஒரு சிறு குளியலறை என்பதை மறவாதேயுங்கள். இரண்டு எளிய அறைகள் ஒரு பெரிய அறையைவிட நல்லது. சில வேளைகளில் செலவும் அதிகம் வேறுபடாது, இரண்டுக்கும் கணக்குக் கேட்டுப் பாருங்கள். இணைப்புக் கதவுள்ள அறைகள் சிலவே உண்டு, ஆகவே மாதங்களுக்கு முன்னரே கேளுங்கள். அவை கிடையாவிட்டால் ஒரே நடைவழியில், ஒரே பக்கத்தில் கேளுங்கள். அப்பொழுது அவசரத்தில் கூடும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமையும். முதியவர் இருக்கும் அறைக்கு ஜன்னல் வையுங்கள். பிள்ளைகளின் சாவி அட்டையில் செலவுசெய்ய முடியாதபடி தடுக்கவோ வரம்பிடவோ முடியும். அறை எண்ணை அட்டையில் எழுதி வைக்க வேண்டாம், தொலைந்தால் எடுத்தவன் நேரே வந்துவிடுவான். அசல் அடையாள அட்டைகளை ஐவருக்கும் தனித்தனியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, யார் எந்த அறையில் என்பதைப் பிள்ளைகளையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். இன்னும் ஓரிரு ஆண்டுகளில் அவர்கள் நாம் காணாத அறைகளில், நாம் அறியாதவர்களோடு தங்கப் போகிறவர்கள். அதற்கு முன், 62 எட்டுத் தூரத்தில் மூன்று இரவுகள் பழகுவது அவர்களுக்கு நல்லது, நமக்கோ அதைவிட நல்லது.

2024 ஜூன் மாதத்தில் மகன் பெங்களூரு சென்றான். மூன்று வாலிபரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறான். ஆகஸ்டில் ஊழியத்தின் நிமித்தம் அந்நகருக்குச் சென்றபோது, அதிகாலையில் பேருந்தைவிட்டு இறங்கி நேரே அங்கு போனேன். கதவு ஒருக்களித்துத் திறந்தே இருந்தது. நான் தட்டிவிட்டு வெளியே நின்றேன்.